ட்ரங்க் கோலில் கரைந்த மன்னிப்புகள்

டெலிபோன் ஒப்பரேட்டருக்குக் காது தேய்வது மணிச் சத்தத்தால் என்று நினைக்காதீர்கள், மன்னிப்பால். திருகோணமலை எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் என் காதில் விழுந்த மன்னிப்புகள் அளவுக்குக் கோயில் உண்டியலில் சில்லறைகூட விழுந்திராது. கந்தோர்களில் டெலிபோனோடு குந்தியிருந்து இதே பாடுபடும் என் தொழில் இனத்தாரே, கேளுங்கள்.

எடுத்ததும் மன்னிப்பு

கனகசபை அண்ணர் டவுனில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருந்தவர். ரிசீவரைத் தூக்கினாலே "குறை நினையாதேங்கோ பிள்ளை" தான். நம்பர் கேட்பதற்கு மன்னிப்பு, அந்த நம்பர் கிடைக்காததற்கும் மன்னிப்பு. எங்கள் பக்கத்தில் லைன் பழுதானால் அதற்கும் அவரே கேட்பார்.

ஒருநாள் பொறுக்க ஏலாமல், "அண்ணை, இனி மன்னிப்புக் கேட்டால் நான் லைன் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். மெல்லிய குரலில் பதில் வந்தது: "அது என்ர பிழைதான் பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஐஸ் கரைந்த மரியாதை

புல்மோட்டை மீன் முதலாளி ஒருவரின் லொறி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஐஸ் கரைகிறது, வேறு லொறி அனுப்பச் சொல்லிக் கொழும்பு வியாபாரிக்கு ட்ரங்க் கோல் எடுத்தார். வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கோல் என்றால் மூன்று நிமிடம்தான். பிறகு லைனுக்குக் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் எடுத்ததற்கு இவர் மன்னிப்புக் கேட்டார். போனுக்குச் சுணங்கி வந்ததற்கு வியாபாரி கேட்டார். அவரை மன்னிப்புக் கேட்க வைத்ததற்கு இவர் திரும்பவும் கேட்டார். நேரம் முடிந்தது என்று நான் குறுக்கிட்டதும் முதலாளி அலறினார்: "நாங்க இன்னும் கதைக்கவே தொடங்கல்லியே, புள்ள!"

உரியவன் லைனில் வந்தபோது

கனகசபை அண்ணர், செய்யாத பிழைக்காக மகனை ஆட்கள் பார்க்க மரக்காலையில் வைத்து அடித்துவிட்டார். அவன் கொழும்புக்குப் போனவன், பிறகு தகப்பனோடு பேச்சில்லை. உண்மை தெரியவந்தபோது அவன் கப்பல் வேலைக்குப் புறப்பட நின்றான். "பிள்ளை, நாளைக்குக் கப்பலேறுறான். அவனிட்ட மன்னிப்புக் கேக்கோணும், எப்பிடியும் லைன் எடுத்துத் தாங்கோ" என்றார் அண்ணர். முதல்தடவையாக அவருக்கு மனதார லைன் தேடினேன்.

கொழும்பு ஒப்பரேட்டரிடம் மன்னிப்புக் கேட்டார். மகன் தங்கியிருந்த இடத்தில் போனை எடுத்தவரிடமும் கேட்டார். கடைசியில் மகன் வந்தான்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்."

"அங்க மழையோ?"

"இல்லை."

நேரம் முடிந்தும் நான் வெட்டவில்லை. சட்டத்தை மீறி விட்டுக்கொடுத்த நிமிடங்களும் மழையிலேயே போயின. மகன் போனை வைத்துவிட்டான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஏன் அண்ணை கேக்கேல்லை?" என்றேன். அவர் சொன்னார்: "குறை நினையாதேங்கோ பிள்ளை, உங்களை வீணாய்ச் சிரமப்படுத்திப்போட்டன்."

ஊருக்கெல்லாம் வாரி இறைத்த மன்னிப்பில் மகனுக்கென்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.