பிளாஸ்திரி சுற்றிய மட்டைகள்

அரசுப் பணியில் இருந்த காலத்தில் கோல்ஃப் கற்றுக்கொண்டவன் நான். முப்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் மட்டைகளையே வாங்கிவருகிறேன். கச்சிராயபாளையத்தில் உள்ள என் தரிசு நிலத்தில் என்னோடு பந்தடிக்க வருபவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற மருத்துவர். மற்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர். பொறியாளர் வேறு நிறுவனத்தின் மட்டையை வாங்கிவந்தபோது, அதை விறகு என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னேன்.

புது மட்டை வாங்க எண்ணிய மருத்துவர் ஒரு நாள் காலையில் என் மட்டையையும் பொறியாளருடையதையும் எடுத்து, தலையும் கைப்பிடியும் தெரியாதபடி பிளாஸ்திரி சுற்றினார்.

"அடிச்சிப் பாத்து உங்களுது எதுன்னு சொல்லுங்க சார். அதையே நானும் வாங்கிக்கினு வந்துடறேன்."

"சார் தொட்டாலே சொல்லிடுவாருங்க," என்றார் பொறியாளர். "விறகு எது, மட்டை எதுன்னு அவருக்குத் தெரியாதா இன்னா?"

இரண்டாலும் மும்முறை அடித்தேன். இரண்டாவது மட்டையில் பந்து நேராகப் பறந்தது. சிறிதும் ஐயமின்றி, "இதுதான் என்னுடையது" என்றேன். மருத்துவர் பிளாஸ்திரியை உரித்தார். அது பொறியாளருடைய மட்டை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். வெட்கம்கூட வரவில்லை.

"அப்போ எதை வாங்கட்டுங்க சார்?" என்று மருத்துவர் மெல்லக் கேட்டார்.

என் நிறுவனத்தின் பெயரையே சொன்னேன். அவர் தலையசைத்தார். மறுவாரம் பொறியாளருடையதைப் போன்ற மட்டையோடு வந்து நின்றார். என் மட்டையை எடுத்துக்கொண்டு என் முறைக்குக் காத்திருந்தேன்.