தலை நனையாதவன்

கசூரினாக் கடலில், இடுப்பளவு தண்ணீரில், உயிர் போகப்போகிறது என்று அலறியவர் என் மச்சான் தவராசா அல்லர். அலறியவன் நான்.

இதைச் சொல்ல இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. மச்சான் இப்போது உயிரோடு இல்லை. அவருக்குக் கேட்காத நேரம் பார்த்துச் சொல்கிறேன் பாருங்கள்... என் வீரம் அவ்வளவுதான்.

காரைநகரில் இருக்கிற அந்தக் கடலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடும்பங்கள் வான் பிடித்து, சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு போகிற கடல். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பை விட்டு ஏறாது. பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம். அந்தக் கடலில் மூழ்கித் தாழ்வதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பண்டத்தரிப்பிலிருந்து மனைவி வசந்தியின் வீட்டாரோடு போயிருந்தேன். தவராசா அவளுடைய தமையன். கடல் என்றால் பைத்தியம். வான் பொன்னாலைப் பாலத்தில் ஏறும்போதே சேட்டைக் கழற்றி வெறும் மேலோடு இருக்கிற ஆள். நாங்கள் இருவரும் மற்றவர்களைக் கரையில் விட்டுவிட்டு நெடுந்தூரம் நடந்து போனோம்.

அப்போது ஏதோ ஒன்று என் காலைச் சுற்றிப் பிடித்தது.

சாதாளை. கடலடியில் கிடக்கிற வெறும் புல். ஆனால் அந்த நொடியில் எனக்கு அது சுறா, முதலை, யமன், எல்லாம்தான்.

மச்சானின் கழுத்தைப் பிடித்தேன். தோளில் ஏறினேன். தலையில் கைவைத்து அமத்தினேன். என்னைவிட மெலிந்த ஒரு மனிதரைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, அவர்மேல் ஏறி இருந்துகொண்டு, மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தேன். அந்த நேரம் ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் கச்சான் கடலைச் சரையுமாக, எங்களைத் தாண்டி நடந்துபோனாள்.

சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் கீழே அவருடைய கைகள் என் காலைத் தட்டிக்கொண்டிருந்தன. மூச்சுக்குத் தவிக்கிற தட்டு. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இறங்கவில்லை... பயத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிவிடலாம். எழுதினால் அது இன்னொரு பொய்.

கடைசியில் எப்படியோ என்னைச் சரித்துவிட்டு எழும்பினார். மூக்காலும் வாயாலும் தண்ணீர் வழிந்தது. அப்போதும் என் தலை தண்ணீரில் படாதபடி கையை விடாமல் பிடித்திருந்தார்.

"காலை ஊண்டும் மச்சான்... நிலம் இருக்கு" என்றார்.

ஊன்றினேன். நிலம் இருந்தது.

கரைக்கு வந்தோம். அவர் தலை நனைந்து, கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்தார். நான் அவருடைய தோளில் இருந்தவன் அல்லவா? என் தலைமயிர் காய்ந்திருந்தது. சீவிய வகிடுகூடக் கலையவில்லை. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அண்ணைக்கு என்ன நடந்தது?" என்று வசந்தி ஓடிவந்தாள்.

"உம்மடை கொண்ணர் இடுப்பளவு தண்ணியிலை தாழப் பாத்தவர். நான் இல்லாட்டி இண்டைக்குச் செத்தவீடு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் இரண்டு தரம் இருமினார்.

"ஓம்... சரியாப் பயந்துபோனன்" என்றார்.

அவ்வளவுதான். கதை எனக்குச் சொந்தமாகிவிட்டது. கல்யாணவீட்டில் சொன்னேன். சாமத்தியவீட்டில் சொன்னேன். கண்ணை உருட்டி, கையை விசுக்கி, தவராசா பயந்ததை நடித்துக் காட்டினேன். அச்சொட்டாக இருக்கிறது என்றார்கள். இருக்காதா? நான் நடித்தது என்னை அல்லவா!

அந்த வடைமாலை மட்டும் இன்றுவரை போடப்படவில்லை. போட்டால், என்ன நேர்த்திக்கடன் என்று வசந்தி கேட்பாள்.

மச்சான் அதன்பிறகு கடலில் இறங்கவில்லை. எங்களோடு வருவார். சவுக்கு மரத்தின் கீழே எங்கள் செருப்புகளுக்கும் உடுப்புகளுக்கும் காவல் இருப்பார். பொன்னாலைப் பாலத்தில் சேட்டைக் கழற்றுவதும் நின்றுபோயிற்று. அதை வானுக்குள் இருந்த வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

ஒருமுறை அவருடைய மகள் சுபா, அப்போது சின்னப் பிள்ளை, அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். "ஒருக்கா வாங்கோ அப்பா." அவர் எழும்பினார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். தண்ணீரில் கால் வைத்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன்... வெகுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்ட முகம்.

"டேய், வானுக்குள்ளை கயிறு கிடக்கு, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோடா! மச்சான் இறங்கிறார்!"

கத்தியது யார் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. எல்லாரும் சிரித்தார்கள். சுபாவும் சிரித்தாள். அவர் சிரித்தபடியே திரும்பிப் போய் மரத்தின் கீழ் இருந்தார்.

அவர் நீந்தினால் என் கதை பொய்த்துவிடும். அதற்காகத்தான் கத்தினேன். சாதாளைக்குப் பயந்ததைக்கூட மன்னித்துவிடுவீர்கள். இதை?

போன வருடம் நெஞ்சுவருத்தத்தில் ஆசுபத்திரியில் கிடந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "மச்சான், அந்தக் கடல் கதை..." என்று தொடங்கினேன்.

"சொல்லும், சொல்லும். பக்கத்துக் கட்டில்காரரும் கேக்கட்டும்" என்றார்.

சொன்னேன். கண்ணை உருட்டி நடித்தும் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சானும் சிரித்தார். அது மன்னிப்பா, தண்டனையா? இல்லை, வெறுமனே சிரிப்புத்தானா? அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

இந்த விடுமுறைக்குச் சுபாவும் அவளுடைய மகளும் நானும் வசந்தியும் கசூரினாவுக்குப் போனோம். கடல் அதே மாதிரித்தான் கிடந்தது, குளம் போல. குழந்தை தண்ணீருக்குத் துள்ளியது. சுபா அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அலை காலில் படாத தூரத்திலேயே நின்றாள்.

"ஏன் பிள்ளை இறங்கேல்லை?"

"எனக்குப் பயம் மாமா. அப்பான்ரை பயம் அப்பிடியே எனக்கு வந்திட்டுது. இவளையும் விட மனம் வருகுதில்லை."

அப்பாவின் பயம்... அவருக்கு ஏது பயம்? அவள் இவ்வளவு காலமும் காவிச் சுமந்து திரிந்தது என்னுடைய பயத்தை.

"கொப்பர் பயந்தவரில்லைப் பிள்ளை. நான்தான் பயந்தனான். அவரைத் தண்ணிக்குள்ளை அமத்தினதும் நான்தான்."

வாழ்க்கையில் முதல்தரம் கண்ணை உருட்டாமல், கையை விசுக்காமல் சொன்னேன். வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுபாவின் கண் கலங்கியது.

"நீங்கள் நல்ல மனுசன் மாமா" என்றாள். "செத்துப்போன மனுசனை விட்டுக்குடுக்கக் கூடாது எண்டு உப்பிடிச் சொல்லுறியள்."

"இவருக்கு எங்கடை அண்ணையிலை சரியான பட்சம்" என்றாள் வசந்தி. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். காய்ந்த தலையைச் சொல்லியிருக்கலாம். வடைமாலையைச் சொல்லியிருக்கலாம். என் காலில் தட்டிய அந்தக் கைகளைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். சொல்லவில்லை... 'நல்ல மனுசன்' என்ற சொல் அவ்வளவு இதமாக இருந்தது. நான் மறுபடியும் மச்சானின் தோளில் ஏறி இருந்துகொண்டேன். இந்த முறையும் என் தலை நனையவில்லை.

"தண்ணி வேண்டாம், வாங்கோ" என்று சுபா மகளை இழுத்துக்கொண்டு சவுக்கு மரத்தடிக்கு நடந்தாள். குழந்தை கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போயிற்று.

காலை ஊன்றிப் பார், நிலம் இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கரையில் நான் ஒருவன்தான் இருந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.