பரமேஸ்வரன் பேச வைத்த லேப்டாப்

எந்த லேப்டாப் வந்தாலும் பரமேஸ்வரன் முதலில் அதன் மூடியை விரலால் இரண்டு தடவை தட்டுவார். டுரியான் பழம் வாங்குகிறவர் போலக் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கண்ணை மூடித் திறந்து, "போர்டு லா" என்பார், மதர்போர்டே போய்விட்டது என்கிற மாதிரி. திரை உடைந்து வந்தாலும் போர்டுதான். சார்ஜரை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் போர்டுதான். பிரிக்பீல்ட்ஸில் அவர் ரிப்பேர் கடை திறந்து பதினோரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. பதினோரு வருடமும் அமுதவள்ளி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரசீது எழுதுவது, கூட்டிப் பெருக்குவது, கோப்பி வாங்கி வருவது அவள் வேலை. டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் திரையில் வரும் சின்னச் சின்னப் படங்கள் அவளுக்கு மனப்பாடம். முதலாளி எதை அழுத்துகிறார், அடுத்து எதை அழுத்துகிறார் என்பதும் மனப்பாடம். எந்தக் கோளாறுக்கும் அவர் அதே வரிசையில்தான் அழுத்துகிறார் என்பதை அவள் முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். சில மெஷின்கள் தாமாகவே சரியாகிவிடும். அதில் கிடைத்த பெயரில் அவர் பிழைத்து வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை அவள் வாயைத் திறந்தாள். "அண்ணே, வயரு கழண்டிருக்கு" என்றாள். கழண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம், வந்தவர் போனவர் எல்லாரிடமும், "நம்ம இன்ஜினியர் அம்மாவைக் கேளுங்க" என்று அவளைக் காட்டிக்காட்டிச் சிரித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் ஸ்டானிஸ்லாஸ் வந்தார். அடுத்த தெரு மசாஜ் சென்டரில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர். பிறவியிலேயே கண் பார்வை இல்லை. அவருடைய லேப்டாப்பில் உள்ள ஒரு குரல் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அவர் எதையும் செய்வார். குரல் இல்லாவிட்டால் அது அவருக்கு வெறும் பெட்டி. கீபோர்டு மாற்றுவதற்காக ஒரு வாரம் இந்தக் கடையில் கிடந்த மெஷினை முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கிப் போயிருந்தார்.

"காலையில தொறந்தா ஒரு சத்தமும் இல்ல பாஸ். மூணு மணிக்கு எனக்கு டெஸ்ட்டு இருக்கு, இதுலதான் எழுதணும். கால் சென்டர் வேலை. கட்டை விரல் ரெண்டும் போயிருச்சு, இனிமே ஆளுங்களை அமுக்க முடியாது."

பரமேஸ்வரன் அவரைப் பார்க்காமல் அமுதவள்ளியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"இவருக்கு எப்ப வேணுமாம்?"

"எனக்குக் கண்ணுதான் தெரியாது பாஸ். காது உங்க கடையை விட நல்லாவே வேலை செய்யுது. என்கிட்டயே கேளுங்க."

பரமேஸ்வரன் மூடியைத் தட்டினார். கேட்டார். "போர்டு லா."

"தட்டினதுலயே தெரிஞ்சிருச்சா?"

"அனுபவம்."

"இயர்போன் சொருகிப் பாத்தேன், பாதியிலேயே நிக்குது. அப்புறம், மெஷின்ல ஒரே கோயில் வாசனை."

"ஆயுத பூஜை லா! கடையில இருந்த எல்லா மெஷினுக்கும் நான்தான் என் கையால சந்தனம் வச்சேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்."

"நான் சர்ச்சுக்குப் போறவன் பாஸ்."

"சாமிக்கு அதெல்லாம் கிடையாது," என்று சாமியின் சார்பிலும் பரமேஸ்வரனே பதில் சொன்னார்.

பிறகு உட்கார்ந்து வழக்கமான வரிசையில் அழுத்தத் தொடங்கினார். அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். நடுநடுவே திரையில் ஒரு பெட்டி திறந்தது. அதில் ஒரு ஸ்பீக்கர் படமும் ஒரு ஹெட்போன் படமும் இருந்தன. பச்சை நிறச் சரி அடையாளம் ஹெட்போன் படத்தின் மேல் இருந்தது. லேப்டாப்பில் ஹெட்போன் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பரமேஸ்வரன் அந்தப் பெட்டியை மூன்று தடவை திறந்து மூன்று தடவையும் மூடினார்.

அமுதவள்ளிக்குப் புரிந்துவிட்டது. சந்தனத்தைக் கரைத்தவள் அவள்தான். "கெட்டியா இருக்கட்டும்" என்று சொன்னவர் அவர். மூடியில் ஒரு பொட்டு வைத்தால் அவருக்குப் போதாது. பக்கவாட்டிலும் வழித்து அப்புவார். மறுநாள் அவள் மூடிகளைத்தான் துடைத்தாள். பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளை நினைக்கவில்லை. அந்தத் தப்பு தன்னுடையதும்தான் என்று அவளுக்கு உறைத்தது. சொல்ல வாயெடுத்தாள். இன்ஜினியர் அம்மா நினைவுக்கு வந்தாள். நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மணி ஆனது. சாப்பாட்டு நேரம். பரமேஸ்வரன் எதற்காகவும் நிறுத்தாத ஒரே காரியம் அது.

"ஃபார்மட் பண்ணாத்தான் சரிப்படும். ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க."

"ஃபார்மட் பண்ணா எல்லாமே அழிஞ்சிரும் பாஸ். எனக்குப் படிச்சுச் சொல்ற அந்தக் குரலும் போயிரும். மூணு மணிக்கு டெஸ்ட்டுன்னு சொன்னேனே."

"டெஸ்ட்டு இன்னிக்கு வரும், நாளைக்கும் வரும்."

"இதை விட்டா அடுத்த வருஷந்தான். அதுவரைக்கும் என் விரல் தாங்காது."

"சாப்பிட்டு வந்து ஆரம்பிக்கிறேன். அமுதா, நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஸ்டானிஸ்லாஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பவே ஏதோ சொல்ல வந்து முழுங்கினீங்க. மூச்சு கேட்டுச்சு. அந்த ஆளு போயாச்சு, சொல்லுங்க."

இயர்போன் ஓட்டையில் சந்தனம் அடைத்திருப்பதையும், அதனால் ஹெட்போன் மாட்டியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொண்டிருப்பதையும் அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துகொண்டே போனது. ஸ்டானிஸ்லாஸ் குனிந்து கேட்டார்.

"அப்ப மெஷினு காதுல சந்தனத்தை அப்பி வச்சிட்டு, ஏன் பேசமாட்டேங்குதுன்னு கேக்குறாரு. எடுங்க அக்கா, நான் இருக்கேன்."

"அவரு தொடக்கூடாதுன்னாரு."

"மெஷினு என்னோடது. நான் தொடுங்கன்னு சொல்றேன்."

மெஷினை அணைத்துவிட்டு, கைப்பேசி விளக்கை இயர்போன் ஓட்டையில் அடித்துப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக, காய்ந்து சிமெண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. பல் குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினாள். துணுக்குத் துணுக்காகக் காகிதத்தில் விழுந்தது. கடைசியில் ஒரு கட்டி மொத்தமாக வந்தது. மெஷினைப் போட்டு அந்தப் பெட்டியைத் திறந்தாள். பச்சை அடையாளம் ஸ்பீக்கர் படத்துக்குத் தாவியிருந்தது. அதே நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளியது. அமுதவள்ளி பயந்து பின்னால் நகர்ந்தாள்.

"பேசுறா!" என்று சிரித்தார் ஸ்டானிஸ்லாஸ். சிரிப்பு நின்ற பிறகும் கை மெஷின் மேலேயே இருந்தது. "மணி ஒண்ணு நாப்பதுங்கிறா. நான் வரேன் அக்கா."

பரமேஸ்வரன் இரண்டரைக்கு ஏப்பம் விட்டபடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் போட்ட டிரைவர் சாஃப்ட்வேர் லா. அது ஏற நேரம் எடுக்கும்."

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் மஞ்சள் துணுக்குகளைப் பார்த்து வாயால் ஊதினார்.

"தூசி" என்றார்.

அன்றிலிருந்து, கண் தெரியாத ஒருவருடைய லேப்டாப்பைத் தான் பேச வைத்த கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். தொடக்கத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஆனதாகச் சொன்னார். தீபாவளிக்குள் அது ஐந்து நிமிடமாகிவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் அந்த டெஸ்டில் தேறி, செராஸில் ஒரு கால் சென்டரில் வேலை செய்கிறார். கட்டை விரல்களுக்கு ஓய்வு. அமுதவள்ளி அதே கவுண்டரில் இருக்கிறாள். மசாஜ் சென்டர் ஆட்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள்தான் வருகிறார்கள். வாசலில் நின்று, "பாஸ் சாப்பிடப் போயிட்டாரா அக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.