கண்ணாடியக்கா யாரோடும் ஓடவில்லை

ஓடிப்போனாள் என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாதுதான். அதற்காக உள்ள கதையைச் சொல்ல ஒரு வாய்கூட இல்லாமல் போய்விடுமா? மொட்டைத்தலைக்காரனோடு போய்விட்டாள் என்று படிக்குப் படி நின்று சொல்கிறீர்களே, அந்த மொட்டைத்தலைக்குக் கண்ணாடியக்காவின் பெயர்கூடத் தெரியாது. ஓடிப்போயிருந்தால் நல்லதுதான். துணைக்கு ஒரு ஆள் கிடைத்தானே என்று மனசாவது ஆறியிருக்கும்.

கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். வளைந்த காதுக்கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்துவாள். கடுகைவிடச் சிறிய திருகாணியை இடுக்கியால் எடுத்து இடம் பார்த்து வைப்பாள். வந்தவர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். பொழுதுக்கும் ஊரார் முகத்தைத் தொட்டவள் முகத்தை யார் தொட்டார்கள்? கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். தம்பி வீட்டில், சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தாள்.

தம்பியும் கெட்டவனில்லை, அவன் பெண்டாட்டியும் கெட்டவளில்லை. இருக்க இடம் கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் "அக்கா, அடுப்ப அணைச்சிடுங்க", "அக்கா, துணி காயுது பாருங்க" என்பதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. அதையும் டிவியைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

கடைக்கு மேல்மாடியில் ஒருவர் டாங்கோ சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தார். ஆணும் பெண்ணும் அணைத்துக்கொண்டு, நடப்பதுபோல ஆடும் ஆட்டம். மேலே குதிகால் ஊன்ற ஊன்ற, கீழே இவள் துடைத்துவைத்த கண்ணாடிகள் மேல் சுண்ணாம்பு உதிரும். சண்டை போடத்தான் மாடியேறினாள்.

"ஏங்க, ஆடுறீங்களா, கட்டடத்த இடிக்கிறீங்களா?"

வாத்தியார் சிரித்தார். "ஒரு தடவ ஆடிப் பாத்துட்டு, அப்புறம் திட்டுங்களேன்."

திட்டப் போனவள் வாராவாரம் போக ஆரம்பித்துவிட்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுகிற ஆட்டம் அது. ஒருநாள் இவளுடைய கண்ணாடி ஒருவர் கன்னத்தைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் ஆடுவாள். வகுப்பில் வாத்தியாரே ஜோடி சேர்த்துவிடுவார். அதனால் பார்வை மங்கல் ஒரு குறையாகத் தெரியவில்லை.

வெளியூரில் பெரிய டாங்கோ விழா என்றதும் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினாள். அவளுக்கு ஒரே ஆசை. வாத்தியார் கைகாட்டி வருகிறவர் வேண்டாம். யாராவது ஒருவர் தானாகப் பார்த்து, இவள்தான் வேண்டும் என்று கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

கூடி ஆடுவதற்கு அங்கே மிலோங்கா என்று பெயர். எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆனால் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. எதிர்ச்சுவரோரம் இருந்து ஆண் பார்ப்பான். பெண்ணும் பார்த்தால் லேசாகத் தலையசைப்பான். அவளும் அசைத்தால் வந்து அழைத்துப் போவான். பிடிக்கவில்லையா, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; யாருக்கும் மானம் போகாது. இவளோ வழக்கம்போலக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவர் இவளுக்கு வெறும் பஞ்சுமூட்டை.

முதல் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். இருபக்கமும் பெண்கள் எழுந்து போனார்கள், வேர்த்து வந்தார்கள், மறுபடி போனார்கள். மறுநாள் மங்கலாக ஒரு தலை தன்னைப் பார்த்து ஆடியது. எழுந்தோடிப் போய்க் கையை நீட்டினாள். அந்த மனிதர் நெளிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் உங்களுக்குப் பின்னாடி இருக்கறவங்களக் கூப்பிட்டேன்." 

செருப்பு மாற்றும் நடைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரி ஒருத்தி பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே அந்த ராங்கிக்காரங்க?"

"யாரு, நானா?"

"நேத்துலேருந்து எத்தன பேரு தலையாட்டுறாங்க! மகாராணி செவுத்தப் பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க."

"எனக்குத் தூரத்துல கண்ணு தெரியாதும்மா. கண்ணாடி பையில இருக்கு."

"அடக் கடவுளே. என்ன வேல பாக்குறீங்க?"

"கண்ணாடிக் கடையில."

மருந்துக்கடைக்காரி சிரித்த சிரிப்பில் கண்ணாடியக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான் வந்தது.

கடைசி நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து மொட்டைத்தலைக்காரர் ஒருவர் பார்த்தார், தலையசைத்தார். இவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. இவளும் அசைத்தாள். அவர் வந்தார். இவள் கண்ணாடியைக் கழற்றியதும் தன் சட்டைப்பையை விரித்துக் காட்டினார், அதில் வைத்துக்கொள் என்று. காலெடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். பாதிப் பாட்டுக்கு நின்ற இடத்திலேயே அசைந்தார்கள். "கூட்டம் ஜாஸ்தி" என்றார் அவர். "ஆமாங்க" என்றாள் இவள். நடந்த பேச்சு அவ்வளவுதான். நாலு பாட்டு ஒரு கட்டு. அது முடிந்ததும் நாற்காலிவரை கொண்டுவந்து விட்டார், கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார், தலைதாழ்த்தினார், போய்விட்டார். அங்கே முறையே அதுதான். அடுத்த கட்டுக்கு வேறொருத்தியைப் பார்த்துத் தலையசைத்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலில் வரும்போது கன்னத்தில் கை வைத்தவள் இறங்கும்வரை எடுக்கவில்லை.

அந்த ஆட்டத்தை எவனோ படமெடுத்துப் போட்டிருக்கிறான். கண்ணை மூடி, மொட்டைத்தலை மேல் சாய்ந்திருக்கிறாள். இவள் வந்து சேர்வதற்குள் அது நாம் குடியிருக்கும் இந்தக் கட்டடத்துப் போன்களையெல்லாம் சுற்றிவிட்டது. தம்பி டிவியை அணைத்துவிட்டு அக்காள் முகத்தைப் பார்த்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

"என்னக்கா இது? நாலு பேரு கேக்குறாங்க. இனிமே மாடிப்பக்கம் போகாத. போறதுன்னா இந்த வீட்டுல இருக்க முடியாது."

"நாலு பேரு கேக்குறது இருக்கட்டும். நீ எதுவும் கேக்க மாட்டியாடா?"

"நான் என்ன கேக்கணும்?"

"போன எடம் எப்படி இருந்துச்சு, சாப்டியா, யாராவது உன்கூட ஆடுனாங்களா... ஏதாவது."

அவன் மறுபடி டிவியைப் போட்டான். தம்பி பெண்டாட்டி, "விடுங்கக்கா, கொஞ்ச நாள் போகாம இருந்தா அடங்கிரும்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அன்று சாயங்காலம் முழுக்கக் கண்ணாடியக்கா கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவன் ஏதாவது கேட்பான் என்று. டிவிதான் பேசிக்கொண்டிருந்தது.

விழாவில் நம்பர் கொடுத்திருந்த மருந்துக்கடைக்காரிக்குப் போன் போட்டாள். அவள் தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆள் தேடுகிறார்களாம், அதற்குப் பின்னாலேயே ஒற்றை அறை ஒன்றும் காலியாம். போதாதா?

ஒரு பையில் துணி, ஒரு பையில் ஆட்டச் செருப்பு. காலையில் வாசலில் நின்று, "கிளம்புறேன்டா" என்றாள். கடைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தான் தம்பி. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரிக்கா" என்றான். அவன் நிமிர்ந்து பார்த்தால் பையைப் பார்ப்பான், பையைப் பார்த்தால் எங்கே என்று கேட்பான். கேட்டால் ஒருவேளை இருந்துவிடுவாள். செருப்பு வாரை மாட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி மாட்டினாள். அப்புறம் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தனியாகப் படியிறங்கிப் போனாள்.