வேலப்பன் பாடிய இங்கிலீஷ்

எங்கள் ஊரின் முதல் பி.ஏ. என்ற மிடுக்கோடு சென்னைத் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்றே வேலப்பனைப் பார்த்தேன். பர்மா தேக்குக் கட்டையை வடம் கட்டி இழுத்த கும்பலுக்கு முன்னே நின்று பாடிக்கொண்டிருந்தார்.

"கோ... வென்ட்டு... கான்!"

"ஐலசா!" என்று கும்பல் இழுத்தது.

"டேக்கு... டுக்கு... டேக்கன்!"

"ஐலசா!"

இதென்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாட்டு இல்ல நைனா, இங்கிலீஷு. சரக்கு எண்ற குமாஸ்தா வேல காலியா கீது. அதுக்குப் பரீட்சை வெக்கறாங்களாம். வூட்ல குந்திப் படிச்சா மண்டைல நிக்கல. இழுத்துகினே படிச்சா நிக்குது."

ராயபுரத்துக்காரர். மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இலக்கணப் புத்தகம்தான் அவருக்கு வாத்தியார். சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்.

"கோவும் வென்ட்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்களா நைனா? மூஞ்சில ஒரு ஜாடை கூட இல்லியே!"

பரீட்சை அன்று நானும் அறையில் இருந்தேன். ஹெட் குமாஸ்தா தாமோதரன், "பிரிங்" என்றார். வேலப்பன் திணறினார். பிறகு இல்லாத வடத்தை இரண்டு கையாலும் பற்றி, உடம்பைச் சாய்த்து, "பிரிங்கு... பிராட்டு... பிராட்டு!" என்று முழங்கினார். யாரோ ஒருவன் "ஐலசா!" என்றான். அறையே சிரித்தது. கேட்டதற்கெல்லாம் அப்படித்தான் சொன்னார், ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் தாமோதரன் அவர் பெயரை அடித்துவிட்டார்.

"பதில் சரிதானே, சார்?" என்றேன்.

"சரியாயிருந்தால் போதுமா? ஆபீசுக்கு ஒரு லட்சணம் வேண்டாமா?"

லட்சணமாம்! இந்தக் கனவான்கள் வாய்ப்பாட்டை எப்படி மனப்பாடம் செய்தார்களாம்? ராகம் போட்டு, முன்னும் பின்னும் ஆடித்தானே? நானும் அப்படிப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். நாங்கள் ஆடினால் படிப்பு, வேலப்பன் ஆடினால் கூத்தா?

அதோடு விட்டார்களா? அடுத்த வாரம் கம்பெனித் துரை வந்தபோது தாமோதரன் வேலப்பனைக் கூப்பிட்டனுப்பினார். "துரைக்கு அந்த இங்கிலீஷைப் பாடிக் காட்டுடா, இனாம் கொடுப்பார்."

"வேலைக்கு ஆவாத இங்கிலீஷு வேடிக்கைக்கு மட்டும் ஆவுதா? போயி கொரங்காட்டியக் கூப்டு!"

மறுநாள் முதல் அவரைத் துறைமுக வாசலிலேயே மறித்துத் திருப்பிவிட்டார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த மனுவைத் தாமோதரன் பிரிக்கக்கூட இல்லை.

வேலப்பன் இப்போது எண்ணூர் உப்பளத்தில் மூட்டை சுமக்கிறார். சரக்குக் குமாஸ்தா வேலை தாமோதரனின் மைத்துனனிடம் இருக்கிறது.