நூல் பார்க்கிற பெருவிரல்

டெட்டோல் வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தப் பழைய எக்ஸ்-ரே அறைதான் ஞாபகம் வரும்...

திருகோணமலை துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம். யன்னலுக்குக் கறுப்புத் துணி. ஃபேன் போடக்கூடாது, போட்டால் கமெரா நடுங்கும். வியர்வை முதுகில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

பயோமெடிக்கல் எஞ்சினியரிங் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி வேலை அது. காலில் ரத்தம் ஓடுவதை லேசர் வெளிச்சத்தால் பார்க்கும் கருவி செய்ய வேண்டும். வந்தவர்களை எல்லாம் அசையாமல் இருக்கச் சொல்வது என் வேலை. நானோ கொஞ்ச நேரம் கதிரையில் சேர்ந்தாற்போல் இருக்க முடியாத பிறவி. காலில் சக்கரம் கட்டியவள் என்று வீட்டில் பெயர்.

கருவியின் கதை சுலபம். சிவப்பு லேசரைப் பாதத்தில் அடித்தால் ஸ்க்ரீனில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். தோலுக்குக் கீழே ரத்தம் ஓடினால் அந்த மணல் கரைந்து மங்கிவிடும். ரத்தம் ஓடாத இடத்தில் மணல் மணலாகவே நிற்கும். மங்கினால் நல்லது, மணல் தெரிந்தால் கெட்டது... அவ்வளவுதான்.

யோகராசா மாமா பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியிலிருந்து வந்தவர். தூண்டில் தொழில். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றி, வலது கால் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது.

டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். "விரலோடை நிப்பாட்டலாமோ, பாதத்தையே எடுக்கோணுமோ எண்டதுதான் கேள்வி. இந்தக் கிழமைக்குள்ளை முடிவெடுக்கோணும்" என்றார்.

மாமா நோவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விரலில் உணர்ச்சியே இல்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வள்ளத்திலை நிக்க ஏலுமோ, பிள்ளை?"

முதல் படம் எடுத்தேன். கறுத்த விரல் முழுவதும் மங்கலாக வந்தது. ரத்தம் ஓடுகிறது! லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்த்தார், வந்து விரலைத் தொட்டார்.

"நீங்களும் தொட்டுப் பாருங்கோ. ஐஸ் மாதிரிக் கிடக்கு. இந்தப் படத்தை நம்பி விரலை விட்டனெண்டால், பிறகு முழங்கால் வரைக்கும் போகும்."

தொட்டேன். ஐஸ்தான். பொய் நம்பிக்கை தருகிற கருவியைவிடக் கருவியே இல்லாதது மேல்.

அன்றிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டேன். கப்பல் புறப்படும்போது தரை அதிர்கிறதோ என்று நிலத்தில் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். மரக்கட்டையை வைத்துப் படம் எடுத்தால் மணல் அசையாமல் நிற்கும். மாமாவின் காலை வைத்தால் கரையும். சோறு இறங்கவில்லை.

மூலையில் சாப்பாட்டுப் பார்சலோடு இருந்த தங்கம் மாமி, மாமாவின் மனைவி, என் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த விரல் சும்மா கிடவாது, பிள்ளை. நித்திரையிலையும் நூல் பாக்கும்."

கையில் ஒரு தூண்டில் நூல் இருக்க, இன்னொரு நூலைப் பெருவிரலில் மாட்டிக்கொள்வாராம். மீன் கடித்ததா என்று அறிய, விரலால் இடைக்கிடை சுண்டிப் பார்க்க வேண்டுமாம். நான் குனிந்து பார்த்தேன். மெல்லிய ஒரு சுண்டு... ஓய்வு... மறுபடி ஒரு சுண்டு. கால் அசைந்தாலும் படத்தில் மணல் கரையும். நான் ரத்தம் என்று நினைத்தது இதைத்தான்.

"நான் ஆட்டேல்லையே" என்றார் மாமா. உண்மைதான், அவருக்குத் தெரியவே இல்லை. கெண்டைக்கால் தசை தன்பாட்டுக்கு இழுக்கிறது. செத்துக்கொண்டிருக்கிற விரல் இன்னும் தொழில் பார்க்கிறது.

அசையாதீர்கள் என்றால் விரல் இன்னும் கூட அசைந்தது.

"கடலிலை கால் களைச்சால் என்ன செய்வியள், மாமா?"

"மற்றக் காலுக்கு நூலை மாத்துவன்."

ஓடிப்போய்த் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நைலோன் நூல் வாங்கி வந்தேன். ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை அவருடைய இடது பெருவிரலில் தளர்வாக மாட்டி, அந்தக் காலை வேறு கதிரையில் வைத்தேன். இடது விரல் சுண்டத் தொடங்கியது. வலது விரல்... வேலை முடிந்த ஆள்போல ஓய்ந்தது.

ஸ்க்ரீனில் விரல் நுனியிலிருந்து பாதி வரை மணல். அதற்குக் கீழே, விரலின் அடியிலும் பாதம் முழுவதும், நல்ல மங்கல்.

டொக்டர் தன் கையாலும் அழுத்திப் பார்த்தார், மற்றப் பரிசோதனைகளையும் செய்தார். பிறகு சொன்னார்: "விரலோடை நிப்பாட்டலாம்."

மாமா இடது காலைப் பார்த்தார். "அப்ப இனி இவன்தான்" என்றார்.

இப்போது நான் இருப்பது வேறு நாடு, ஏசி லாப். லேசர் மேசை, அதிர்வு தொடாமல், காற்று மெத்தையில் மிதக்கிறது. யார் அசைந்தாலும் சொஃப்ட்வெயர் அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். நல்ல விஷயம்தான், இன்னும் எத்தனையோ கால்கள் தப்பும். ஆனால் யார், ஏன் அசைந்தார் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. நான் மட்டும் இன்னும் கதிரையில் இருக்க முடியாமல் கொரிடோரில் நடந்துகொண்டிருக்கிறேன்...

போன கிழமை மாமா வீடியோ கோலில் வந்தார். பின்னால் வள்ளம்.

"இடது நல்லாப் பழகீட்டுது, பிள்ளை. ஆனால் வலதிலை, விரல் இல்லாத இடம் இன்னும் சுண்டுது. உங்கட புது மெஷின் அதைக் காட்டுமோ?"

"காட்டாது, மாமா. இப்ப அசையிறதையெல்லாம் அது அழிச்சுப்போடும்."

"அப்ப என்னத்தைப் பாக்கிறியள்?" என்றார்.

கதிரையை விட்டு எழுந்துவிட்டேன், மெஷின் அழித்துவிட்ட அசைவுகளைத் தேடிப் பார்க்க...