காளிராஜ் கார் ஓட்டப் போன கதை

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் கடல் தண்ணீர் ஏற்றுகிற இன்ஜின் எது நின்றாலும் காளிராஜுக்குத்தான் போன் வரும். அவன் ஊர் அங்கிருந்து வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. மிளகாய் போட்டு, மழை ஏமாற்றி, மறு வருஷமும் மிளகாயே போடுகிற சம்சாரிக் குடும்பம். அய்யா போன பிறகு அந்த நிலத்தில் கருவேலம் ஏறிவிட்டது. ஐ.டி.ஐ. முடித்ததும் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தவன் நாற்பத்தொரு வயதிலும் அங்கேயேதான் கிடந்தான். மனைவி முருகலட்சுமியும் அதே உப்பளத்தில் உப்பு வாரினாள்.

கார் அவன் கைக்கு வந்தது ஒரு தற்செயல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெளியூர்ப் பையன்கள் நாலைந்து பேர் ஜீப்பில் வந்து, உப்பளத்துக்குத் தெற்கே காய்ந்து கிடந்த களர்த் தரையில் ரிமோட் கார் விட்டு வீடியோ எடுத்தார்கள். ஒரு கார் வரப்பில் மோதிச் சிதறியது. அதை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காளிராஜ் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டினான். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் அதைப் பிரித்துப் பார்த்தவனுக்குச் சோறு தண்ணி மறந்து போனது. கட்டைவிரல் தண்டிக்கு ஒரு மோட்டார். அது சுற்றுகிற வேகத்தைக் கையில் பிடித்துப் பார்த்தபோது உள்ளங்கை கூசியது.

கீழக்கரையில் மொபைல் கடை வைத்திருந்த ஹசன் அலிதான் அவனுக்கு இந்த விஷயத்தில் துணை. துபாயில் பத்து வருஷம் இருந்தவர். சாமான் எது வேண்டுமானாலும் அங்கேயிருந்து வருகிற சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கிக் கொடுப்பார். அப்படிச் சேர்த்துச் சேர்த்து, உடைந்த காரைத் தூக்கிப் போட்டுவிட்டு, காளிராஜ் சொந்தமாகவே ஒன்று கட்டினான். இரண்டடி நீளம். தரையை ஒட்டிப் படுத்த மாதிரி உடம்பு. பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் காட்டி வளைத்து அவனே செய்த கூடு. அது களர்த் தரையில் ஓடும்போது சத்தம் ஒரு பக்கம் கேட்கும், கார் இன்னொரு பக்கம் இருக்கும். மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு கிலோமீட்டர் என்று ஒருநாள் ஹசன் அலியின் கருவி காட்டியது.

"முப்பது வயசுக்கு மேல பொம்மக் காரு," என்று முருகலட்சுமி ஆரம்பத்தில் முணுமுணுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். குடிக்கிறவர்களையும் சீட்டாடுகிறவர்களையும் பார்க்கும்போது இது தேவலை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே வந்து, வரப்பில் உட்கார்ந்து பார்ப்பாள்.

ஹசன் அலி போட்ட வீடியோ ஒன்றைப் பார்த்துத்தான் புனேயிலிருந்து முத்துகிருஷ்ணன் பேசினான். பரமக்குடிக்காரன். அங்கே இந்த மாதிரிக் கார்களைச் செய்து விற்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தான்.

"அண்ணே, வருஷா வருஷம் இங்கன வேகப் போட்டி வைக்கிறோம். நீங்க வாங்க. பிளைட் டிக்கெட் நாங்களே போட்டுத் தாரோம். எங்க ஒர்க்‌ஷாப்புக்கு உங்களை மாதிரி கைவேலை தெரிஞ்ச ஆளு வேணும். ஓட்டிக் காட்டுங்க, முதலாளி அங்கனயே வேலைக்கு எடுத்துக்குவாரு."

காளிராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். வெடித்த பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த முருகலட்சுமி தடவுவதை நிறுத்திவிட்டாள்.

"புனேயில உப்பளம் இல்லைல்ல?" என்று கேட்டாள்.

"கடலே இல்லயாம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காளிராஜ் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். ஏனென்றால் அவன் அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது.

பங்குனி மாதம் சாயல்குடியில் நடந்த கண் முகாமில் அவனை மட்டும் தனியாக உட்கார வைத்து, மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவன் எல்லாப் புள்ளியையும் அமுக்கிவிட்டதாகத்தான் நினைத்தான். டாக்டரம்மா காட்டிய தாளில் இடது பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"கண்ணுல அழுத்தம். இடது கண்ணுல பாதிக்கு மேல போயிருச்சு. வலது கண்ணுலயும் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. ஒருநாளும் விடக் கூடாது."

அந்த மருந்துப் புட்டியை டூல்ஸ் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில் வைத்திருந்தான். இன்னும் ஒரு வருஷம் பார்வை தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் வேலையில் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஓரப் பார்வை எதற்கு? இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சாயல்குடியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை வழியாகப் போய், மதுரைக்கு முன்னாலேயே பெருங்குடியில் இறங்கி விமான நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தான். வாழ்க்கையில் முதல் விமானம். காரை முருகலட்சுமியின் இரண்டு பழைய புடவைகளில் சுற்றிப் பெரிய பையில் வைத்திருந்தான். பேட்டரிகள் நான்கையும் அதே பைக்குள், அடிபடாமல் நடுவில் செருகியிருந்தாள் அவள்.

பையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். ஏதோ மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனான். பை மேஜைமேல் திறந்து கிடந்தது. புடவை வெளியே தொங்கியது.

"சார், லித்தியம் பேட்டரி இந்தப் பையில போகக் கூடாது. தீப்பிடிக்கிற அயிட்டம். கையில எடுத்துட்டுப் போங்க," என்றாள் யூனிபார்ம் போட்ட பெண்.

சரி என்று நான்கையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டான். சோதனை வரிசையில் மறுபடியும் நிறுத்தினார்கள். அதிகாரி ஒவ்வொரு பேட்டரியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை வாட் ஹவர்?"

"சார்?"

"மேல எழுதியிருக்கணும். ஒண்ணுமே எழுதலையே. வெறும் கறுப்பா இருக்கு."

எழுத்து இருந்த மேலட்டை உப்புக் காற்றில் உரிந்துபோய்விட்டது. ஹசன் அலிதான் அதைக் கழற்றிவிட்டு, கறுப்பு உறை மாட்டி, சூடு காட்டி இறுக்கிக் கொடுத்திருந்தார். காளிராஜ் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, வோல்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கி எழுதிக் காட்டினான். நூற்றுப் பதினொன்று வந்தது. அதிகாரி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நூறைத் தாண்டினா ஏர்லைன்ஸ்காரங்க பெர்மிஷன் குடுக்கணும். அதுவும் பேட்டரியில அச்சடிச்சிருந்தாத்தான். நீங்க பேப்பர்ல எழுதிக் காட்டுறதை நான் எப்பிடி ஒத்துக்க முடியும்?"

கவுண்டருக்கு ஓடினான். அந்தப் பெண் யாருக்கோ போன் போட்டுக் கேட்டாள். முடியாது என்றுதான் பதில் வந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. "வெளியில யாராவது வந்திருந்தா குடுத்துட்டு வந்துருங்க சார், டைம் இல்லை," என்றாள். வெளியே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? நான்கையும் அவர்கள் காட்டிய பெட்டிக்குள் அவன் கையாலேயே வைத்தான். தூக்கிப் போட மனசு வராமல், ஒன்றன்மேல் ஒன்று இடிக்காமல் வைத்தான். பிறகு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினான்.

விமானத்தில் ஜன்னல் சீட்டு. ஜன்னல் அவனுக்கு இடது பக்கம் இருந்தது. கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் கீழே தரை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்து, முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு போனான்.

சென்னையில் விமானம் மாறிப் புனேயில் இறங்கியபோது பை வந்து சேரவில்லை. உருளும் பட்டையில் கடைசிப் பெட்டியும் போய், பட்டை நிற்கிறவரை நின்றிருந்தான். நடுவில் எங்கோ மறுபடியும் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள், அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். சனிக்கிழமை முழுக்க மற்றவர்கள் ஓட்டினார்கள். காளிராஜ் தகரப் பந்தலுக்குக் கீழே வெறுங்கையோடு உட்கார்ந்து பார்த்தான். யார் யாரோ இந்தியில் வந்து விசாரித்தார்கள். சிரித்துத் தலையை ஆட்டினான்.

ஞாயிறு மதியம் பை வந்தது. கார் பத்திரமாகத்தான் இருந்தது. முத்துகிருஷ்ணன் தன் பேட்டரிகளைக் கொடுத்தான். இணைப்பு முனை வேறாக இருந்ததால் காளிராஜ் சால்டரிங் வைத்து மாற்றினான். பக்கத்தில் நின்ற முதலாளி அந்தப் பற்றவைப்பைக் குனிந்து பார்த்து, முத்துகிருஷ்ணனிடம் ஏதோ சொன்னார்.

"வேலை சுத்தமா இருக்குங்காரு அண்ணே," என்றான் முத்துகிருஷ்ணன் மெல்ல.

ஓட்டுகிறவர் நிற்க ஒரு மேடை போட்டிருந்தார்கள், பாதையின் ஓரத்தில், நீளத்துக்கு நட்டநடுவில். கார் வலது கைப்பக்கம் கிளம்பி, முன்னால் கடந்து, இடது பக்கம் போய் நிற்க வேண்டும். மேடையில் ஏறி நின்றதும் காளிராஜுக்கு ஒன்று உறைத்தது. களர்த் தரையில் இரண்டு வருஷமாக அவன் நின்று ஓட்டியது ஒரே இடம். இடது ஓரத்தில், ஒற்றை வேலமரத்தை ஒட்டி. பாதை முழுக்க அவனுக்கு வலப்பக்கம் விழும். நிழலுக்காக அங்கே நிற்பதாகத்தான் நினைத்திருந்தான்.

முதல் ஓட்டத்தில் மெதுவாக விட்டான். தொண்ணூறு. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் விசையை முழுக்க இழுத்தான். கார் வலது பக்கமிருந்து சீறிக்கொண்டு வந்தது. அவ்வளவு நேர்த்தியாக அது இதற்கு முன்னால் ஓடியதில்லை. முன்னால் கடந்தது. அத்தோடு காணோம். சத்தம் மட்டும் கேட்டது. தலையைத் திருப்பினான். திருப்பிய இடத்தில் கார் இல்லை, வெறும் தார் இருந்தது. எந்தப் பக்கம் விலகுகிறது என்று தெரியாமலே கை ரிமோட்டின் ஸ்டியரிங்கைத் திருகியது. கூட்டம் "ஓ"வென்று கத்தியபோதுதான் அது முடிந்துவிட்டது என்று புரிந்தது. கார் தடுப்பு டயர்களில் மோதி, நான்காகப் பிளந்து, ஒரு சக்கரம் தனியாக உருண்டுகொண்டிருந்தது.

"என்ன அண்ணே ஆச்சு?"

"சிக்னல் கட்டாயிருச்சு தம்பி."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. முத்துகிருஷ்ணன் அதை நம்பினான். "நான் குடுத்த பேட்டரி சரியில்லையோ என்னமோ. உங்க பேட்டரி மட்டும் இருந்திருந்தா…" என்று அவனே வருத்தப்பட்டான். முதலாளி தோளைத் தட்டிவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார். வேலையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. காளிராஜ் ரயிலில் ஊர் திரும்பினான்.

ஊரில் எல்லோரும் விமான நிலையத்தைத்தான் திட்டினார்கள். டீக்கடையில் காளிராஜைப் பார்த்தாலே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அவன் மறுக்கவில்லை. தாங்க முடியாமல் போனது ஹசன் அலி வந்த அன்றுதான். கீழக்கரையிலிருந்து பைக்கில் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பு என்னோடதுதான் காளி. எழுத்து இருந்த அட்டையக் கழத்துனது நான்தானே. கறுப்பு உறையப் போட்டு ஒன் பொழப்ப மூடிட்டேன். அல்லாஹ் என்னய மன்னிக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்," என்றான் காளிராஜ். அவர் போனபின்பும் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாசியில் முத்துகிருஷ்ணன் மறுபடி போன் பண்ணினான். முருகலட்சுமிதான் எடுத்தாள். அடுத்த வருஷமும் வாங்க, இந்தத் தடவை ரயிலிலேயே வந்துவிடுங்கள் என்றானாம். மறுநாள் காலையில் உப்பளத்துக்குக் காளிராஜின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள்.

"ரயில்ல யாரு புடிக்கப் போறா? நானும் வாரேன். பேட்டரிய என் மடியில வச்சுக்கிறேன். கார மறுபடி கட்டிருங்க, இன்னும் பத்து மாசம் கெடக்கே…"

அவள் அலறினாள். "ஏங்க! ஆளு! ஆளு!"

இடது பக்கம் ஒரு சைக்கிள். உப்பளத்துக்குப் போகிற பூமயில் என்ற பெண், தூக்குவாளியோடு அதை உருட்டிக்கொண்டு நடந்து வந்தவள், பைக்கின் ஹேண்டில்பார் தட்டிப் பள்ளத்தில் சரிந்தாள். பெரிய அடி இல்லை. முழங்கை சிராய்த்து, கஞ்சி கொட்டியிருந்தது. "கண்ணு எங்கண்ணே இருந்துச்சு?" என்று கத்திவிட்டு அவள் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

முருகலட்சுமி பைக்கிலிருந்து இறங்கி, அவனுக்கு இடது பக்கமாக நடந்து, இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள்.

"நேரா பாருங்க. திரும்பக் கூடாது. நான் நிக்கிறது தெரியுதா?"

காளிராஜ் நேராகப் பார்த்தான். ரோடு தெரிந்தது. தூரத்தில் உப்பு அம்பாரங்கள் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன.

"தெரியல," என்றான்.

"எத்தன நாளா?"

அவன் சொன்னான். ஆஸ்பத்திரி, கறுப்புத் தாள், மருந்துப் புட்டி, மேடை எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுகிறாளா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.